வாராக்கடன்

பர்மா பஜாரில் பேரம் பேசி அறுபது ரூபாய்க்கு வாங்கிய டி.வி.டி. அது. 2004-ம் வருஷம். எடுத்துக் கொடுக்கும்போதே கடைக்காரர் எச்சரித்தார். ''பாட்டுப் படம் சார். ஃபைட்டு கிடையாது. அப்புறம் திருப்பிக் கொண்டாரக் கூடாது.'' அட்டையில் கறுப்பு முகமூடி போட்ட ஓர் உருவம் கைகளை விரித்துக்கொண்டு நின்றது. நான் பேய்ப் படம் என்று நினைத்துத்தான் வாங்கினேன். படத்தின் பெயர் 'அமெடியஸ்'.

மேற்கத்திய சங்கீதத்தில் அன்றைக்கு என் ஞானம் சைபர். (இன்றைக்கு இன்னொரு சைபர் கூடியிருக்கிறது.) நான் படித்தது பி.காம். டெபிட், கிரெடிட், பேங்க் ரெகன்சிலியேஷன் ஸ்டேட்மென்ட். அதிலும் பாலன்ஸ் ஷீட் ஒரு தரம்கூட எனக்கு முதல் முயற்சியில் டேலி ஆனதில்லை. அதனால்தான் பத்திரிகைக்கு வந்தேன் என்று வீட்டில் இன்னமும் சொல்வார்கள்.

திருவல்லிக்கேணி மேன்ஷனில் அறைத்தோழன் ஊருக்குப் போயிருந்த ஒரு ராத்திரியில் அவனுடைய கம்ப்யூட்டரில் படத்தைப் போட்டேன். ஐந்தாவது நிமிஷம் எழுந்து உட்கார்ந்தேன். கழுத்தில் ரத்தம் வழிகிற ஒரு கிழவரை, பனி கொட்டும் வியன்னா தெருவில் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். பின்னணியில் கேட்பது... அட, நம்ம டைட்டன் வாட்ச் விளம்பரம்! மொஸார்ட் தன் பதினேழாவது வயதில் எழுதிய 25-வது சிம்பொனியில் இருந்து எடுத்ததாம் அது. அவர் நமக்கு வாட்ச் விற்றுக்கொடுத்திருக்கிறார் என்பது அதுவரை எனக்குத் தெரியாது.

படம் பார்க்காதவர்களுக்காகக் கதை நாலு வரியில். 1823. வியன்னாவில் ஒரு மனநோய் விடுதி. தற்கொலைக்கு முயன்று பிழைத்த அந்தக் கிழவர் அன்டோனியோ ஸாலியரி. ஒரு காலத்தில் சக்கரவர்த்தியின் அரண்மனை இசையமைப்பாளர். அவருடைய பாவ சங்கீர்த்தனத்தைக் கேட்க ஓர் இளம் பாதிரியார் வருகிறார். ஸாலியரி தன் பழைய மெட்டு ஒன்றைப் பியானோவில் வாசித்து, 'இது தெரிகிறதா?' என்கிறார். பாதிரியார் உதட்டைப் பிதுக்குகிறார். இன்னொன்று வாசிக்கிறார். ஊஹும். மூன்றாவதாக ஒன்று. பாதிரியார் முகம் மலர்ந்து கூடவே முணுமுணுக்கிறார். 'அடடா, இது உங்களுடையதா?' இல்லை. அது மொஸார்ட்டுடையது.

டைட்டன் வாட்ச்சுக்கு எழுந்து உட்கார்ந்த எனக்கு, அந்தப் பாதிரியாரைப் பார்த்துச் சிரிக்க யோக்யதை இல்லைதான். ஆனாலும் சிரித்தேன். அதற்கப்புறம் சிரிப்பு வரவில்லை.

சிறு வயதிலேயே ஸாலியரி கடவுளிடம் ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொள்கிறார். என்னைப் பெரிய இசையமைப்பாளனாக ஆக்கு, பதிலுக்கு என் பிரம்மச்சரியம், உழைப்பு, பணிவு எல்லாம் உனக்கு. (கான்ட்ராக்ட் ஆக்ட் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: எதிர்த்தரப்பு சம்மதம் சொல்லாத ஒப்பந்தம் செல்லாது.) உழைத்து உழைத்து மேலே வந்து உட்காரும் நேரத்தில் மொஸார்ட் வருகிறான். கழுதை கனைக்கிற மாதிரி சிரிப்பு, கெட்ட வார்த்தை, குடி, கூத்து. சங்கீதம் மட்டும் தேவலோகத்தில் இருந்து வருகிறது. எனக்கு ஆசையை மட்டும் கொடுத்துவிட்டுத் திறமையை இந்தப் பொறுக்கிக்கா கொடுத்தாய் என்று கடவுளோடு சண்டைக்குப் போகிறார் ஸாலியரி. சிலுவையை நெருப்பில் போடுகிறார்.

ஒரு காட்சி. மொஸார்ட்டின் மனைவி கான்ஸ்டான்ஸா, புருஷனுக்கு ஒரு வேலைக்காக, அவனுக்குத் தெரியாமல் அவனுடைய கையெழுத்துப் பிரதிகளை ஸாலியரியிடம் கொண்டுவந்து காட்டுகிறாள். எல்லாம் ஒரிஜினல், நகல் கிடையாது. ஸாலியரி பக்கம் பக்கமாகப் புரட்டுகிறார். ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. தலைக்குள்ளேயே எழுதி முடித்துவிட்டதைத் தாளில் சும்மா இறக்கிவைத்த மாதிரி. படிக்கப் படிக்க அவர் காதில் இசை கேட்கிறது, நமக்கும் கேட்கிறது. கடைசியில் தாள்கள் கைநழுவித் தரையில் சிதறுகின்றன.

அங்கே நான் படத்தை நிறுத்திவிட்டேன். எழுந்து போய் பால்கனியில் நின்றேன். காரணம் இருக்கிறது.

அப்போது நான் ஒரு வாரப் பத்திரிகையில் துணை ஆசிரியர். நிருபர்கள் எழுதி வருவதைச் செப்பனிட்டு, தலைப்பு வைத்து, டி.டி.பி.க்கு அனுப்புகிற வேலை. எனக்கு ஒரு வருஷம் பின்னால் சேர்ந்த பையன் ஒருவன் இருந்தான். தெற்கத்திக்காரன், தமிழ் இலக்கியம் படித்தவன். பெயர் வேண்டாம். என்னை 'அண்ணே' என்பான், நான் அவனைத் 'தம்பி' என்பேன். நியூஸ்பிரின்ட் தாளில் நீல மை பேனாவால் எழுதித் தருவான். என் வேலையே சிவப்புப் பேனாவில்தான் இருக்கிறது. அவன் காப்பியில் மட்டும் அந்தப் பேனாவுக்கு வேலை இருக்காது.

எல்லோரும் நன்றாக எழுதினால் சந்தோஷப்பட வேண்டியவன் துணை ஆசிரியர். வேலை மிச்சம் இல்லையா! எனக்கு வயிறு எரிந்தது.

ஒரு தடவை, மூடப்போகும் டூரிங் டாக்கீஸ் ஒன்றின் கடைசி நாளைப் பற்றி எட்டுப் பக்கம் எழுதி வந்தான். வாசலில் டிக்கெட் கிழிக்கிற பெரியவர் அன்றைக்கு ஒருத்தர் டிக்கெட்டையும் கிழிக்காமல், முழுசாகக் கையில் திருப்பிக் கொடுத்து உள்ளே அனுப்பினார் என்று ஆரம்பம். அவ்வளவுதான். அழுகை, ஆர்ப்பாட்டம், 'ஒரு சகாப்தம் முடிந்தது' எதுவும் கிடையாது.

அதைப் படித்தவுடன் எனக்குத் தோன்றியது இதுதான்: நான் இன்னும் இருபது வருஷம் எழுதினாலும் இப்படி ஒரு ஆரம்பம் எனக்கு வராது. (வரவில்லை.)

எட்டுப் பக்கத்தை மூன்றாக்கினேன். முதலில் போனது அந்த டிக்கெட் பெரியவர். 'சினிமா என்பது தமிழர்களின் உயிர்மூச்சு' என்று நானே ஒரு ஆரம்பத்தை எழுதி ஒட்டினேன். அந்த வரியை நினைத்தால் இன்னமும் கூசுகிறது. ''விளம்பரம் வந்துருச்சு தம்பி, பக்கம் இல்ல'' என்றேன். பக்கம் இருந்தது. அந்த இதழில் கடைசி நேரத்தில் இடம் நிரப்ப முக்கால் பக்கத்துக்கு ஒரு ஜோக் தொகுப்பு போட்டோம். தேர்ந்தெடுத்ததே நான்தான்.

இதழ் வந்தபோது அவன் என் மேஜைக்கு வந்தான். ''நீங்க கை வெச்சப்புறம் நல்லா டைட்டா வந்திருக்குண்ணே'' என்றான். கிண்டல் இல்லை. நிஜமாகவே சொன்னான்.

ஆகவே அந்த ராத்திரி மேன்ஷன் பால்கனியில் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். நான்தான் ஸாலியரி. வெட்கப்பட வேண்டிய விஷயம். ஆனால் நிஜத்தைச் சொல்லிவிடுகிறேன், அதில் ஒரு கிளுகிளுப்பும் இருந்தது. சாதாரண பொறாமைக்காரன் என்பதைவிட ஸாலியரி என்பது எவ்வளவு கௌரவம்! படத்தில் அந்த வேஷத்தில் எஃப்.முர்ரே ஆப்ரஹாம். 1985 ஆஸ்கரில் படத்துக்குப் பதினோரு பரிந்துரை, எட்டு விருது. சிறந்த நடிகர் போட்டியில் மொஸார்ட்டாக நடித்த டாம் ஹல்ஸும் இருந்தார். ஜெயித்தது ஸாலியரி! படம் முடியும்போது சக்கர நாற்காலியில் போகிற ஸாலியரி, உலகத்து அரைகுறைத் திறமைசாலிகள் எல்லோருக்கும் நானே புரவலன் என்று பாவமன்னிப்பு வழங்கிக்கொண்டே போகிறார். எனக்கும் வழங்கினார். வாங்கிக்கொண்டு தூங்கப் போனேன்.

தம்பி 2006-ல் வேலையை விட்டான். வங்கித் தேர்வு எழுதிப் பாஸ் பண்ணி கிளார்க்காகப் போய்விட்டான். வேடிக்கையைப் பாருங்கள். தமிழ் படித்தவன் வங்கியில், பி.காம். படித்தவன் பத்திரிகையில்.

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒன்பதாவது படிக்கிற என் மகளோடு உட்கார்ந்து மறுபடி 'அமெடியஸ்' பார்த்தேன். 2002-ல் வெளியான, மூன்று மணி நேரம் ஓடுகிற நீட்டிய பதிப்பு. அவளுக்கு மொஸார்ட்டின் சிரிப்பு பிடித்துவிட்டது. கடைசியில், கொட்டுகிற மழையில் ஒரு சாக்கில் கட்டிய மொஸார்ட்டின் உடலைப் பொதுக்குழியில் தள்ளிச் சுண்ணாம்பு தூவும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முடிந்ததும் கேட்டாள். ''இது நிஜமாப்பா? அந்த ஸாலியரி அங்கிள் நிஜமாவே அப்படிப் பண்ணாரா?''

இருபது வருஷமாக நான் கேட்டுக்கொள்ளாத கேள்வி. தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

முதலில் கணக்கைத்தான் பார்த்தேன். புத்தி அப்படி. படத்தில் மொஸார்ட் பரம தரித்திரம். நிஜத்தில் அவர் நன்றாகச் சம்பாதித்தவர், அதைவிட நன்றாகச் செலவழித்தவர். வியன்னாவில் வருஷத்துக்கு 460 கில்டன் வாடகையில் வீடு. 1787 கடைசியில் அரண்மனையில் வேலை கிடைத்தபோது வருஷச் சம்பளம் 800 கில்டன். அவருக்கு முன்னால் அந்த இடத்தில் இருந்த க்ளுக் வாங்கியது 2,000. வந்த வேளையும் சரியில்லை. அடுத்த வருஷமே ஆஸ்திரியாவுக்குத் துருக்கியோடு சண்டை. பிரபுக்கள் கச்சேரி கேட்பதைக் குறைத்துக்கொண்டார்கள். மொஸார்ட் கடன் வாங்க ஆரம்பித்தார். மைக்கேல் புக்பெர்க் என்கிற ஜவுளி வியாபாரிக்கு அவர் எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. சாவதற்குள் புக்பெர்க்கிடம் மட்டும் கிட்டத்தட்ட 1,400 கில்டன். அந்த மனிதர் எனக்குப் பிடித்துப்போனார். வந்த கடிதத்தின் மேலேயே இன்ன தேதி, இவ்வளவு அனுப்பினேன் என்று குறித்து வைத்திருக்கிறார். சரியான வவுச்சர்!

மொஸார்ட்டும் ஒரு தரம் கணக்கு நோட்டுப் போட்டிருக்கிறார். 1784 மே மாசம் ஒரு மைனா ஜாதிப் பறவை வாங்கியது அதில் இருக்கிறது. விலை 34 க்ரூட்ஸர். பக்கத்திலேயே அது பாடிய மெட்டையும் குறித்து வைத்திருக்கிறார். அவருடைய பியானோ கான்சர்ட்டோ ஒன்றில் வருகிற மெட்டு அது. செலவுக் கணக்கில் ஸ்வரம் எழுதுகிற ஆள் எப்படி உருப்படுவார்? கொஞ்ச நாளில் கணக்கை விட்டுவிட்டார்.

1791 டிசம்பர் 5-ம் தேதி, முப்பத்தைந்து வயதில் அவர் இறந்தபோது சொத்துப் பட்டியல் எடுத்தார்கள். ரொக்கக் கையிருப்பு 60 கில்டன். பில்லியர்ட்ஸ் மேஜை ஒன்று. அப்புறம் ஒரு தலைப்பு: திரும்பி வராத கடன்கள், 800 கில்டன். அவர் வாங்கியது இல்லை, கொடுத்தது! அதில் 500, க்ளாரினெட் வாசிக்கும் அன்டன் ஸ்டாட்லருக்கு. கையெழுத்துப் போட்டு மன்றாடிக் கடன் வாங்கியவர், வாங்கியதை நண்பனுக்குக் கொடுத்திருக்கிறார். பி.காம். இரண்டாம் வருஷத்தில் 'வாராக்கடன்' என்று லாப நஷ்டக் கணக்கில் எழுதித் தள்ளுவோமே, அதுதான். எனக்கு மொஸார்ட் முதன்முதலாகப் புரிந்தது அங்கேதான், சிம்பொனியில் இல்லை.

பொதுக்குழி, மழை எல்லாம் சினிமா. ஆடம்பரச் சாவுகள் கூடாது என்று சக்கரவர்த்தி ஜோசப் போட்ட விதிகளின்படி, அந்தக் கால வியன்னாவில் நடுத்தர வர்க்கத்துக்குச் சாதாரணமாக நடந்த அடக்கம்தான் அவருக்கும். முகமூடி போட்டு வந்து இரங்கல் இசை கேட்டது ஸாலியரி இல்லை. வால்ஸெக் என்ற பிரபு, செத்துப்போன மனைவிக்காக ஆள் அனுப்பி ரகசியமாகக் கேட்டது. தானே எழுதியதாகச் சொல்லிக்கொள்ள ஆசை அவருக்கு. அடித்தல் திருத்தல் இல்லாத பிரதியும் பாதி புராணம். ஹேய்டனுக்குச் சமர்ப்பணம் செய்த ஆறு குவார்ட்டெட்டுகளை நெடுநாள் கஷ்டப்பட்டு எழுதியதாக மொஸார்ட்டே சொல்கிறார். அந்தப் பிரதிகளில் அடித்தல் உண்டு.

சரி, ஸாலியரி?

பிரம்மச்சாரி இல்லை. கல்யாணமாகி எட்டுக் குழந்தைகள். பீத்தோவன், ஷுபர்ட், லிஸ்ட் மூன்று பேருக்கும் வாத்தியார். ஒரே ஆளிடம் இந்த மூன்று பேர்! இரண்டு பேருக்கும் நடுவில் போட்டி இருந்தது நிஜம். ஸாலியரி தன் வழியில் குறுக்கே வருவதாக மொஸார்ட் அப்பாவுக்கு எழுதியிருக்கிறார். ஆனால் 1785-ல் ஒரு பாடகி உடல் தேறி வந்ததற்காக இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பாட்டுக்கு இசை அமைத்தார்கள். தொலைந்துபோனதாக நினைத்த அந்த அச்சுப் பிரதி, ப்ராக் நகரத்து அருங்காட்சியகம் ஒன்றில் கிடைத்து, 2016-ல் வாசித்தே காட்டினார்கள். மொஸார்ட் சாகும்போது நாலு மாசக் குழந்தையாக இருந்த மகன் ஃபிரான்ஸ் ஸாவர், பின்னால் சங்கீதம் கற்றுக்கொண்ட வாத்தியார்களில் ஒருவர் யார் தெரியுமா? ஸாலியரி. விஷம் வைத்தவனிடமா தாய்க்காரி பிள்ளையை அனுப்புவாள்?

விஷக் கதை கிளம்பியது ஸாலியரியின் கடைசிக் காலத்தில். மனம் பேதலித்த கிழவர் கொலையை ஒப்புக்கொண்டுவிட்டார் என்று ஊரில் வதந்தி. கூடவே இருந்து பார்த்துக்கொண்ட இரண்டு பணியாளர்கள், அப்படி அவர் சொல்லிக் கேட்டதே இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். யார் கேட்டது? 1825-ல் அவர் செத்தார். அடுத்த சில வருஷங்களில் புஷ்கின் அதை ஒரு குறுநாடகமாக எழுதினார். ரிம்ஸ்கி கோர்சகோவ் அந்த நாடகத்தை ஆபரா ஆக்கினார். 1979-ல் பீட்டர் ஷாஃபர் லண்டனில் மேடையேற்றினார். அதை மிலோஸ் ஃபோர்மன் சினிமாவாக எடுத்தார். ஃபோர்மன் செக் நாட்டுக்காரர். 1968-க்குப் பிறகு அமெரிக்காவுக்குப் போனவர், இந்தப் படத்துக்காக ப்ராகுக்குத் திரும்பி வந்தார். 1787-ல் மொஸார்ட் தன் 'டான் ஜியோவானி'யை முதன்முதலாக நடத்திய அதே தியேட்டரில், மெழுகுவத்தி ஏற்றிப் படம் பிடித்தார். தியேட்டர் நிஜம், சங்கீதம் நிஜம். அதனாலேயே பொய் இவ்வளவு நன்றாக ஒட்டிக்கொண்டது. இதைச் சொல்லிவிட்டு, படம் மகா படம் என்றும் சொல்கிறேன். இரண்டும் சேர்ந்து இருக்க முடியும்.

என்னைத் தூக்கிவாரிப்போட்டது இதெல்லாம் இல்லை. ஒரு கடிதம்.

1791 அக்டோபர் 14. மொஸார்ட் ஊரில் இல்லாத மனைவிக்கு எழுதுகிறார். இன்று நம்மிடம் இருக்கிற அவருடைய கடிதங்களில் அதுதான் கடைசி. முந்தின நாள் சாயங்காலம் ஸாலியரியையும் பாடகி கவாலியரியையும் தன் வண்டியில் கூட்டிக்கொண்டு 'மாயப் புல்லாங்குழல்' பார்க்கப் போயிருக்கிறார். ஸாலியரி அவ்வளவு கவனமாகக் கேட்டாராம், பார்த்தாராம். ஆரம்ப இசையிலிருந்து கடைசிக் கோரஸ் வரை ஒரு உருப்படிகூட விடாமல், ஒவ்வொன்றுக்கும் வாய்விட்டு ஒரு சபாஷ் போட்டாராம். மொஸார்ட் இதைச் சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷத்தோடு எழுதுகிறார். இன்னும் ஏழு வாரம்தான் இருக்கப் போகிறார்.

அதை மூன்று தரம் படித்தேன். இருபது வருஷமாக ஸாலியரி என்று எனக்கு நானே பட்டம் கொடுத்துக்கொண்டு அலைந்திருக்கிறேன். அந்த மனுஷன் பக்கத்தில் உட்கார்ந்து, பாட்டுக்குப் பாட்டு சபாஷ் சொன்னவர். தன்னைவிடப் பெரியவன் இவன் என்று தெரியாமலா சொல்லியிருப்பார்? கேட்கத் தெரிந்த காது, அவருக்குத் தெரிந்துதான் இருக்கும். நான் அந்த எட்டுப் பக்கத்துக்கு 'நல்லா இருக்கு தம்பி' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த ஒரு கட்டுரைக்கு மட்டும் இல்லை. இரண்டரை வருஷத்தில் ஒரு தரமும் சொல்லவில்லை.

நம்பரைத் தேடிப் பிடிக்க இரண்டு நாள் ஆனது. தென்மாவட்டத்தில் ஒரு கிளையில் இப்போது மேனேஜர். மதியம் மூன்று மணிக்குக் கூப்பிட்டேன். ''அண்ணே!'' என்று கத்தினான். குரல் மாறவே இல்லை. குழந்தைகள், சர்க்கரை, முழங்கால் வலி எல்லாம் விசாரித்து முடித்தபின், டூரிங் டாக்கீஸ் கட்டுரை ஞாபகம் இருக்கா என்று கேட்டேன்.

''எதுண்ணே...? ஓ, அதுவா. 'இனி இடைவேளை இல்லை.' தலைப்பு நீங்க வெச்சதுல்ல? எங்க வீட்ல இன்னும் அந்த புக்கு இருக்கு. சூப்பர் தலைப்புண்ணே அது.''

நான் விஷயத்தைச் சொன்னேன். பக்கம் இருந்தது, விளம்பரம் வரவில்லை, அந்த டிக்கெட் பெரியவரை நான் வேண்டுமென்றே வெட்டினேன், நன்றாக இருந்ததால்தான் வெட்டினேன். சுருக்கமாகத்தான் சொன்னேன். சொல்லி முடித்ததும் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. எங்கோ டோக்கன் நம்பர் கூப்பிடுகிற இயந்திரக் குரல் மட்டும் கேட்டது.

''அண்ணே, கஸ்டமர் ஒருத்தர் முன்னாடி உக்காந்திருக்காரு'' என்றான். ''சாயங்காலம் நானே கூப்பிடுறேன்.''

இன்றோடு பதினோரு நாள்.